ஜூன் 15: ஐந்தாவது அட்டை

அவசரம் ஏணியின் உச்சிப்படியில் நின்றுகொண்டு 2012 ஜூன் மாதத் தொகுதியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அது வரவில்லை. அதற்குப் பக்கத்திலிருந்த மூன்று தொகுதிகள் வந்தன. ஒன்று தோளில் விழுந்தது, ஒன்று தரையில் விழுந்தது. மூன்றாவது, கீழே உட்கார்ந்து குறுக்கெழுத்துக் கட்டங்களுக்குக் கறுப்பு மை அடித்துக்கொண்டிருந்த கட்டம் சாரின் முழங்கைக்குப் பக்கத்தில் விழுந்து தூசி கிளப்பியது.

"அடுத்தது என் தலைதானே? சொல்லிட்டுப் போடு, கண்ணாடியைக் கழட்டி வச்சுக்கறேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

"சார், மணி ரெண்டேகால். அஞ்சு மணிக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா அக்காவுக்கு வேலை போயிடும். நீங்க கட்டம் அடிச்சிட்டிருக்கீங்க!"

அவசரம் என்பது அவன் பெயரல்ல. ஆறு வருஷத்துக்கு முன் அந்த நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உயிரோடு இருந்த ஒருவருக்கு இரங்கல் செய்தி எழுதி அச்சுக்கு அனுப்பினான். இறந்தவரே நேரில் வந்து விசாரித்தார். அதற்குப் பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கட்டம் சார் ஒரு காலத்தில் குற்றச் செய்தி நிருபர். இப்போது வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குறுக்கெழுத்துப் போட்டியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர்.

கதவு படாரென்று திறந்தது. கையில் ஊர்ப் பையோடு அட்டை அக்கா நின்றாள். பேருந்து நிலையத்திலிருந்து நேராக வந்திருக்கிறாள் என்று கலைந்த தலை சொன்னது.

"என்னடா பண்ணி வச்சிருக்கீங்க? மூணே மூணு நாள் லீவு. தங்கச்சி வீடு மாத்தறா, சாமான் தூக்கப் போனேன். அதுக்குள்ள என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டீங்களே!"

விஷயம் இதுதான். அந்த நாளிதழின் நான்காம் பக்கத்தில் 'இதே நாளில்' என்று ஒரு பகுதி. வருஷத்தின் ஒவ்வொரு தேதிக்கும் ஒரு கட்டு அட்டை. ஒவ்வொரு அட்டையிலும் அந்தத் தேதியில் நடந்த ஒரு சம்பவம் தட்டச்சில் இருக்கும்; அதற்குக் கீழே ஆதாரம். அட்டையின் பின்புறம், அது அச்சான வருஷங்களைப் பென்சிலால் குறித்து வைப்பாள் அக்கா. மூன்று வருஷத்துக்குள் ஒரே சம்பவம் மறுபடி வரக்கூடாது என்பது அவள் சட்டம். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சட்டம் மீறப்பட்டதில்லை.

அவள் லீவில் இருந்ததால், சனிக்கிழமை அவசரம்தான் ஜூன் 15 கட்டைப் பிரித்து, முறை வந்த ஐந்து அட்டைகளை எடுத்துக் கொடுத்தான். நான்கு அட்டைகளில் பிரச்சினை இல்லை. ஐந்தாவது: '1975: பஞ்சாலைக் கொதிகலன் வெடித்து ஒன்பது தொழிலாளர் பலி.' ஆலையின் பெயரும் இருந்தது. காலை ஒன்பது மணிக்கே ஆலை முதலாளி குடும்பத்தின் வக்கீல் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு விடுமுறை, ஓடாத கொதிகலன் எப்படி வெடிக்கும்? ஐந்து மணிக்குள் மன்னிப்பு வாசகம் வேண்டும், பொறுப்பானவர் வீட்டுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வழக்கு.

"அந்த மாதிரி அட்டை என்கிட்ட கிடையவே கிடையாது" என்றாள் அக்கா. "ஆசிரியர்கிட்ட போன்ல தொண்டை கிழியச் சொல்லிட்டேன். அட்டை உங்க கட்டுலதான் இருந்துச்சு, பின்னாடி 2012லேருந்து நாலு வருஷம் குறிச்சிருக்கு, அப்ப பதிமூணு வருஷமா உங்ககிட்ட இருக்குங்கறார். ஓய்வு பெற இன்னும் ஒரே வருஷம்ணே."

"அட்டை எங்க?" என்றார் கட்டம் சார்.

"ஆசிரியர் டிராயர்ல வச்சுப் பூட்டிட்டார். நான் போட்டோ எடுத்து வச்சிருக்கேன்" என்று அவசரம் ஏணியிலிருந்து இறங்கிக் கைபேசியை நீட்டினான். "அக்கா, நீங்களே பாருங்க."

"எதைப் பாக்க? கண்ணாடியை தங்கச்சி வீட்டுலயே விட்டுட்டு ஓடி வந்திருக்கேன். எனக்கு எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது."

கட்டம் சார் படத்தை வாங்கிப் பார்த்தார். முன்புறம் சம்பவம், கீழே 'ஆதாரம்: நமது நாளிதழ், 16.6.1975'. பின்புறம் பென்சிலில் 2012, 2015, 2018, 2021.

"எவ்வளவு நறுவிசா அடிச்சிருக்காங்க பாருங்க சார்" என்றான் அவசரம். "இடது ஓரம், வலது ஓரம் ரெண்டும் சுவர் எழுப்பின மாதிரி. அக்கா அட்டையெல்லாம் வலது பக்கம் கோழி கிளறின மாதிரி இருக்கும்."

"வேலை போற நேரத்துல இது வேறயா?" என்றாள் அக்கா.

"ம்" என்றார் கட்டம் சார். அவசரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த 'ம்'மை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1975ஆம் வருஷத் தொகுதியை எடுத்தால் ஆதாரம் தெரிந்துவிடும். ஆனால் எழுபதுகளின் தொகுதிகள் முழுவதும், கூரை ஒழுகிய ஒரு மழைக்காலத்தில் கூழாகிப் போயிருந்தன. சரி, பின்புறம் குறித்த வருஷங்களையாவது பார்ப்போம் என்றுதான் அவன் ஏணியில் ஏறியிருந்தான். மறுபடியும் ஏறினான். 2012 ஜூன் 15: 'இதே நாளில்' பகுதியில் பஞ்சாலை இல்லை. 2018: இல்லை. 2021: இல்லை. 2015 தொகுதியைப் புரட்டியவன் ஏணியிலிருந்து விழாத குறையாகக் கத்தினான்.

"சார்! கிழிச்சிட்டாங்க! பதினாலாம் தேதி இருக்கு, பதினாறாம் தேதி இருக்கு. பதினஞ்சு மட்டும் இல்ல. யாரோ திட்டம் போட்டு உருவியிருக்காங்க!"

"தையல் தளர்ந்திருக்கா?"

"இல்ல. கிண்ணுனு இருக்கு. அதான் சார் ஆச்சரியம், பெரிய கில்லாடி வேலை."

கட்டம் சார் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு, தங்கை வீட்டுப் பீரோ மாடிப்படியில் மாட்டிக்கொண்ட கதையைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை இந்த அறைப் பக்கம் வந்தது யார் யாரு?"

"என்னைத் தவிர மூணு பேர்."

மூன்று பேரையும் கட்டம் சாரோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவசரத்துக்கு ஒரு ஆயுசு குறைந்தது. பதினைந்து வருஷமாக இருக்கிற செய்தி ஆசிரியர், "அந்தப் பகுதியை எடுத்துட்டு அங்க விளம்பரம் போடுங்கன்னு நான் கரடியா கத்தினேன். இப்ப அனுபவிங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். முப்பது வருஷமாகப் பிழை திருத்துகிறவர், "ஒற்றுப்பிழை ஏதாவது இருந்துச்சா? இல்லல்ல? அப்ப என் வேலை முடிஞ்சுது" என்று மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மின்விசிறிக்காக அவருக்கும் அக்காவுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பக்கங்களை வடிவமைக்கும் பெண் மட்டும் மரியாதையாகப் பதில் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது, அட்டையை எடுத்துக் கொடுத்தால் பக்கத்தில் வைப்பேன், அவ்வளவுதான் என்றாள். பேசிக்கொண்டே, கட்டம் சார் கையிலிருந்து மேசையில் வைத்த தாள்களைத் தட்டித் தட்டி ஓரம் சேர்த்து வைத்தாள்.

"யாருமே வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க சார். மணி நாலரை!"

"எல்லாரும் திறந்தாச்சு" என்றார் கட்டம் சார். "ஆசிரியரை அட்டையோட வரச் சொல்லு. மூணு பேரையும் கூப்பிடு."

அட்டை அறையில் ஏழு பேருக்கு இடமில்லை. பிழை திருத்துபவர் ஏணியில் உட்கார்ந்தார். ஆசிரியர் ஒரு கையில் அட்டையும் மறு கையில் தட்டச்சு செய்த மன்னிப்பு வாசகமுமாக வந்தார். அவருடைய அப்பா ஆரம்பித்த பத்திரிகை. முகத்தில் அந்தக் கவலை முழுக்க இருந்தது.

"சுருக்கமா சொல்லுங்க சார். வக்கீல் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார்."

"இந்த அட்டை பழசு இல்ல. பழசு மாதிரி செஞ்சது. பின்னாடி இருக்கற எந்த வருஷத்துலயும் இந்தச் செய்தி வரல, அவசரம் பார்த்துட்டான்."

"அதை அக்காவே செஞ்சிருக்கலாமே? ஓய்வு வயசைத் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டாங்க, நான் முடியாதுன்னேன். அந்தக் கோபம்."

"நான் அப்படிப்பட்டவளா?" என்று அக்கா எழுந்தாள். கட்டம் சார் கையமர்த்தினார்.

"அவசரம், 2015 ஜூன் பதினஞ்சு என்ன கிழமை?"

அவன் கைபேசியில் தேடினான். "திங்கள் சார்."

ஏணியில் இருந்தவர் சிரித்தே விட்டார். செய்தி ஆசிரியர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்கா வாயைப் பிளந்தாள். அவசரத்துக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"இந்த ஆபீசுக்கு அப்பல்லாம் ஞாயித்துக்கிழமை லீவுடா" என்றாள் அக்கா. "ஞாயிறு வேலை இல்லைன்னா திங்கட்கிழமை ஏது பேப்பர்? 2017லதானே திங்கட்கிழமைப் பதிப்பே ஆரம்பிச்சோம்!"

"யாரும் கிழிக்கல. அந்தப் பேப்பர் வரவே இல்ல" என்றார் கட்டம் சார். "வராத நாளுக்கு ஒரு வருஷத்தைக் குறிச்சிருக்காங்க. ஆதாரத்தையும் பாருங்க, 1975 ஜூன் பதினாறு. அதுவும் திங்கள்தான். ரெண்டு தடவையும் ஒரே பள்ளத்துல விழுந்திருக்கற ஆள், திங்கட்கிழமை பேப்பர் இல்லாத காலத்தைப் பார்க்காத ஆள். அக்கா இல்ல. செய்தி ஆசிரியர் இல்ல. ஏணி மேல இருக்கறவரும் இல்ல. 2017க்கு அப்புறம் வந்தவங்க இந்த அறையில ரெண்டே பேர்."

அவசரம் பின்வாங்கி ஏணியில் இடித்துக்கொண்டான். "சார், ரெண்டு பேர்ல ஒருத்தன் நானு!"

"ஆமா. நீயும் அதே பள்ளத்துலதான் விழுந்த. கிழிச்சிட்டாங்கன்னு கூவினியே." கட்டம் சார் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது அந்த மூலையில இருக்கற பழைய தட்டச்சுப் பொறியில அடிச்சது. அதுல வலது ஓரம் தானா நேரா வராது. வரணும்னா, வார்த்தைக்கு வார்த்தை இடத்தை எண்ணி, ஒண்ணுக்கு ரெண்டா தட்டணும். இதுல ஒவ்வொரு வரியிலயும் அப்படித் தட்டியிருக்கு. அவசரத்துக்கு அவ்வளவு பொறுமை இருந்தா அவனுக்கு ஏன் இந்தப் பேரு வைக்கறோம்? ஓரம் பிசிறா நின்னா கண்ணு உறுத்தற ஆளுதான் இதைச் செய்ய முடியும். நாள் பூரா பத்திகளுக்கு ஓரம் கட்டற ஆளு."

எல்லோரும் திரும்பினார்கள். பக்கம் வடிவமைக்கும் பெண் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

அக்கா அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள். "என் சோத்துல மண்ணள்ளிப் போட நான் உனக்கு என்னடி பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலக்கா. நீங்க இருந்தா ஆதாரம் கேப்பீங்க. அதான் நீங்க லீவு போற நாளுக்காகக் காத்திருந்தேன். பழி உங்க மேல வரும்னு நினைக்கல. காலையில சொல்ல வந்தேன், பயந்துட்டேன். செத்தவங்கள்ல எங்க அம்மாவோட அப்பா ஒருத்தர். லீவு நாள்ல ரகசியமா ஆளைக் கூப்பிட்டு ஆலையை ஓட்டினாங்க. வருகைப் பதிவு கிடையாது. பதிவுல பேர் இல்லாததால, அன்னிக்கு யாரும் வேலைக்கே வரலைன்னுட்டாங்க. ஊரை விட்டு ஓடிப்போயிட்டார்னு அம்மாச்சிக்குச் சொல்லி அனுப்பினாங்க. இன்னியோட அம்பது வருஷம். ஒரு தடவையாவது அச்சுல வரட்டும்னு பார்த்தேன்."

ஆசிரியர் பெருமூச்சு விட்டார். "ஆதாரம் இருக்காம்மா? ஒரு கடிதம், ஒரு போலீஸ் தாள்?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"பாவமாத்தான் இருக்கு. ஆனா நான் என்ன செய்ய? அக்கா, நீங்க உங்க இடத்துக்குப் போங்க, தப்பு என்னோடது. நீ நாளையிலேருந்து வர வேண்டாம். மன்னிப்பு வாசகம் போகுது." அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிஷம்.

அக்காவின் வேலை தப்பியது. கேட்டது கிடைத்துவிட்டது. அவசரத்துக்கு ஆனால் எதையாவது எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. மத்தியானம் முழுக்க ஏணி ஏறி இறங்கியது, ஆலைக்காரருக்கு வேலை சுலபமாக்கிக் கொடுக்கத்தானா? அக்காவும் தன் நாற்காலிக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே நின்றாள்.

"அந்தத் தாளை இப்படிக் குடுங்க" என்றார் கட்டம் சார். மன்னிப்பு வாசகத்தை வாங்கிப் படித்தார். பேனாவை எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"சார், என்ன பண்றீங்க?"

"திருத்தம் போட வேண்டியதுதான். அட்டையில தப்பு இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா இந்தத் திருத்தம் இல்ல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வயசு எழுபத்தைந்து என்பது அப்போதுதான் தெரிந்தது. "அன்னிக்கு எனக்கும் லீவு. சத்தம் கேட்டு சைக்கிளை எடுத்துட்டு ஓடினேன். பின்பக்கக் கதவு வழியா உள்ள போனேன். எழுதிட்டு வந்தேன், திங்கட்கிழமை பேப்பர் இல்ல. செவ்வாய்க்கிழமைக்குன்னு உங்க அப்பா கையில குடுத்தேன். படிச்சார். மடிச்சார். டிராயர்ல போட்டார். 'உனக்குக் கல்யாணமாகி எத்தனை மாசம்?'னு கேட்டார். மூணுன்னேன். அதுக்கு மேல அவரும் ஒண்ணும் சொல்லல, நானும் கேக்கல. மத்தியானம் அவசரம் அந்த அட்டைப் படத்தைக் காட்டினதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு, இதை எழுதினது செத்தவங்க வீட்டு ஆளுங்கள்ல யாரோதான்னு."

தொலைபேசி அடித்தது. ஆசிரியர் அதை எடுக்கவில்லை.

"அக்கா, புது அட்டை ஒண்ணு மாட்டு. ஆதாரம்ங்கற இடத்துல, நேர்ல பார்த்த நிருபர்னு என் முழுப் பேரையும் அடி. வழக்குன்னா என்மேல போடட்டும்."

அக்கா தடவித் தடவித் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். "சொல்லுங்கண்ணே. 1975, கொதிகலன் வெடித்து ஒன்பது..."

"அதுதான் தப்பு" என்றார் கட்டம் சார். "ஒன்பது பேர் இல்ல. பஞ்சுக் கிடங்குல வரிசையா படுக்க வச்சிருந்தாங்க. நான் ரெண்டு தடவை எண்ணினேன். பதினொண்ணு."