ஒரு தரம் கூப்பிட்டவள்

"வாயைத் திறந்து சொல்லன் பிள்ளை! நாக்கில என்ன பூட்டோ?"

யோகம்மா அக்கா அடுப்படியில் நின்று போட்ட சத்தத்தில் சட்டிமூடி அதிர்ந்தது. கையில் அகப்பை. எதிரே கனகேஸ்வரி, வேலைக்குப் போகிற வெள்ளைச் சேலையில், குடையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"பக்கத்து வீட்டுப் பெடியனை லொறியில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். அவன் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருந்தது ஆருக்குத் தெரியும்? இந்தச் சந்தில ஜப்பான்காரன்ர கந்தோரில டைப் அடிக்கிறது நீ ஒருத்திதானே!"

"நான் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லேல்லை அக்கா."

அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கனகேஸ்வரி வேலைக்குப் போய்விட்டாள். சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு வந்தவருக்கு இதைவிட அவமானம் உண்டா? மீதிச் சண்டையை யோகம்மா அக்கா அடுப்போடு போட்டு முடித்தார்.

நான் அப்போது நிலைக்கதவுக்குப் பின்னால் இருந்தேன். ஒட்டுக் கேட்கவில்லை. மரவள்ளிக்கிழங்கு உரிக்க அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும்.

டத்தோ கிராமாட் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அந்த வீடு இருந்தது. பெருச்சாளி வளை மாதிரி நீளமாக உள்ளே போகும், நடுவில் மழையும் வெயிலும் விழுகிற சின்ன முற்றம், கடைசியில் அடுப்படி. வீட்டை மொத்தமாக வாடகைக்கு எடுத்து அறை அறையாக விட்டிருந்தவர் யோகம்மா அக்கா. முன்னறை எங்களுக்கு. என் வீட்டுக்காரர் சின்னையா தையல்காரர். ஜப்பான்காரன் காலத்தில் புதுத்துணிக்கு எங்கே போவது, கிழிந்ததையே திரும்பத் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தார். நடு அறை, இருட்டு அறை, கனகேஸ்வரிக்கு.

அடுப்படிக்கு மேலே இருந்த பரண் யாருக்கும் வாடகைக்கு இல்லை. அங்கே தம்பு இருந்தான். யோகம்மா அக்காவின் ஒரே மகன். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. அந்த வயசுப் பையன்கள் வெளியே தலை காட்டினால், ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போவது சயாம் ரயில்பாதை போடும் வேலைக்குத்தான். போனவர்கள் யாரும் திரும்பி வந்து நாங்கள் பார்க்கவில்லை. கனகேஸ்வரியின் புருஷனையும் அப்படித்தான் கொண்டுபோனார்கள். பிறை ரயில் ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்த மனுஷன். போனதிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

தம்பு மேலே இருந்தான் என்றேனே, சும்மா இருந்தான் என்று சொல்லவில்லை. வாய் ஓயாது அவனுக்கு. "தனமக்கா, பாசார்ல என்னா சேதி? சொல்லுங்கலா" என்று பலகை இடுக்கு வழியாகக் குசுகுசுத்துக்கொண்டே இருப்பான். அவன் பரணில் இருப்பது எங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்தவர்களில் பேசாத ஒருத்தி கனகேஸ்வரி. அதனால் எல்லோருக்கும் பயம் அவள்மேல்தான்.

அவள் பேசாதவள் என்பதுகூடச் சரியில்லை. எதையும் ஒரு தரம் சொல்வாள். பாசாரில் "அரைக்கட்டு கீரை" என்பாள். கடைக்காரன் காதில் விழாவிட்டால் கீரை இல்லாமலே வீட்டுக்கு வருவாள். ஒருநாள் துணிக்கொடிப் பக்கம் போன என் வீட்டுக்காரரிடம் "தேள் இருக்கு" என்றாளாம். அவர் தனக்குப் பிடித்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார், கேட்கவில்லை. கொட்டு வாங்கிக்கொண்டு வந்து, "தெரிஞ்சும் சொல்லலலா அந்தப் பொம்பள! மனசு பூரா விஷம்" என்று கையை உதறினார்.

யோகம்மா அக்கா அவளுக்கு வைத்த பெயர் பெருமைக்காரி. என் வீட்டுக்காரர் வைத்தது உளவாளி. எனக்கென்னவோ அவளுக்கு எங்கோ ஒரு சிநேகிதம் இருக்கிறது என்று பட்டது. ஆதாரமா? வெள்ளிக்கிழமை தவறாமல் தலைமுழுகினாள்.

அந்தச் சண்டைக்குப் பிறகு யோகம்மா அக்கா வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார். விளக்கு வைத்தபின் வெளியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடும் குரலுக்கு முதல் தரம் பதில் கொடுக்கக் கூடாது என்பது எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். பேய்க்கு ஒரு தரத்துக்கு மேல் கூப்பிட வராது. பதில் கொடுத்தவன் அதன் பின்னாலேயே போய்விடுவான். அக்கா அதோடு ஜப்பான்காரனையும் சேர்த்துக்கொண்டார்.

"கதவைத் தட்டினா ஜப்பான்காரன். ஒருக்கால் கூப்பிட்டா பேய். மூண்டுதரம் கூப்பிட்டாத்தான் மனுசன். விளங்கிச்சுதோ எல்லாருக்கும்?"

எல்லோரும் தலையாட்டினோம். கனகேஸ்வரியும் அங்கேதான் இருந்தாள். எப்போதும் பொழுதிருக்கவே வீடு திரும்புகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று நாங்களும் நினைக்கவில்லை, அவளும் நினைத்திருக்க மாட்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானத்திலிருந்தே மழை. வீட்டுக்குள் பொழுதுக்கு முன்பே இருட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. வெளிச்சம் தெருவுக்குத் தெரியாமலிருக்க விளக்கைச் சுற்றிக் கறுப்புத் துணி. முற்றத்தில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். நனைந்த விறகின் புகை. அவிகிற கிழங்கின் மண்வாசனை. கனகேஸ்வரி இன்னும் வரவில்லை.

"எங்க போனாளோ, ஆரைக் கூட்டிக்கொண்டு வரப்போறாளோ" என்று சொல்லிக்கொண்டே யோகம்மா அக்கா முன்கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டார்.

மழை சட்டென்று நின்றது.

அப்போதுதான் கேட்டது.

"யோகம்மாக்கா."

கதவுக்கு அந்தப் பக்கம். சத்தமில்லாத, மூச்சு வாங்குகிற குரல்.

என் வீட்டுக்காரர் பாதி எழுந்தார். அக்கா விரலை உயர்த்தினார். மூன்று பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். வெளியே யாரோ நிற்பது தெரிந்தது. சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. சொட்டு. சொட்டு.

"கனகேஸ்வரி மாதிரி இருக்கேக்கா" என்றேன்.

"அவளெண்டா திரும்பக் கூப்பிடட்டும்."

காத்திருந்தோம்.

இரண்டாம் தரம் வரவில்லை.

தூரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. புரியாத பாஷையில் ஒரு அதட்டல். சொட்டுகிற சத்தம் கதவை விட்டு விலகி, சந்து முனைப் பக்கமாகப் போனது. பிறகு மழை மறுபடி பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிட்டது.

காலையில் சந்து முனைச் சாக்கடையோரம் கிடந்தாள். ஊரடங்கு நேரத்தில் வெளியே இருந்தவளுக்கு ரோந்துக்காரர்கள் கொடுத்த தண்டனை. குடை விரிந்தபடி பக்கத்தில். முகத்தில் வலியோ பயமோ இல்லை. எதையோ சொல்ல வந்து வாய் பாதி திறந்திருந்தது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் இன்னும் சிலரும் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தார்கள்.

"காட்டிக்கொடுக்க வந்தவள். கடவுள் பாத்துக்கொண்டுதான் இருக்கிறார்" என்றார் யோகம்மா அக்கா. சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வானம் தெளிவாக இருந்தது. அக்கா விளக்கை ஏற்றிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"யோகம்மாக்கா."

விளக்கு அணையவில்லை, காற்றடிக்கவில்லை, கதைகளில் வருகிற எதுவும் நடக்கவில்லை. கதவுக்கு வெளியே ஒரு குரல். ஒரு தரம். அதற்குப்பின் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

சந்து காய்ந்து கிடந்தது.

மறுநாள் அக்கா கதவில் வேப்பிலை செருகினார். கிடைக்காத மிளகாயை எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து சுற்றி நெருப்பில் போட்டார். நெடியில் வீடே இருமியது. விளக்கு வைத்தோம்.

"யோகம்மாக்கா."

இந்தத் தரம் கதவுக்கு இந்தப் பக்கம். எங்கள் முன்னறை வாசலில். என் கை எட்டுகிற தூரம். நனைந்த பருத்திச் சேலையின் வாசனையை நான் முகர்ந்தேன். என் வீட்டுக்காரர், தேள்கொட்டையே தாங்கிய வீரர், என் முதுகுக்குப் பின்னால் இருந்தார்.

அதற்கடுத்த நாள் முற்றத்தில்.

அடுத்து, அடுப்படி வாசற்படியில்.

ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தது. ஒரு தரம்தான் கூப்பிட்டது. அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிடுவார். வாய் ஓயாத அந்த வீட்டில் சாயங்காலமானால் யாரும் பேசுவதில்லை. பேசினால் அதற்குப் பதில் சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். தம்புகூடப் பரணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

பிறகு ஒருநாள் கூப்பிடவே இல்லை. விளக்கு வைத்து வெகுநேரமாகியும் இல்லை. அக்கா காதிலிருந்து கையை எடுத்தார். "போயிட்டாள்" என்றார். எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது.

பரண் பலகை முனகியது.

தம்பு படுத்திருந்த பக்கம் இல்லை. மற்றப் பக்கம்.

பலகை இடுக்கிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் புறங்கையில் விழுந்தது. ஐஸ் மாதிரி.

"தம்பு."

நான் கும்பிடாத சாமி இல்லை. பேசாதே பையா, இந்த ஒரு தரம் வாயை மூடிக்கொண்டு இரு என்று மனசுக்குள் கதறினேன். பிறந்ததிலிருந்து வாயை மூடத் தெரியாத பையன்.

"என்னாக்கா?" என்றான் தம்பு.

யோகம்மா அக்காவிடமிருந்து வந்த சத்தத்தை நான் அதற்குமுன் எந்த மனுஷரிடமும் கேட்டதில்லை.

தம்பு ஏணியில் இறங்கி வந்தான். கண் திறந்திருந்தது, எங்களைப் பார்க்கவில்லை. தனக்கு முன்னால் போகிற யாரையோ தவறவிடக் கூடாது என்பது போலப் பார்த்துக்கொண்டு நடந்தான். அக்கா பாய்ந்து சட்டையைப் பிடித்தார். கிழிந்த துணிதான் கையில் மிஞ்சியது. பின்கதவின் தாழ்ப்பாளை நாங்கள் யாரும் தொடவில்லை, அவனும் தொடவில்லை. கதவு திறந்திருந்தது. பின்சந்து இருட்டுக்குள் இறங்கிப் போய்விட்டான்.

"என்ர பிள்ளையைக் கொண்டு போறாளே! பழி வாங்குறாளே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் பின்சந்துக்கு ஓடப் பார்த்தபோது, முன்பக்கம் லாரி வந்து நின்றது.

கதவைத் தட்டினார்கள்.

நேராக அடுப்படிக்கு வந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். யார் என்று இன்றுவரை தெரியாது, அந்தச் சந்தில் வாய் உள்ளவர்களுக்கா பஞ்சம்? பரணில் ஏறித் துப்பாக்கிமுனைக் கத்தியால் சாக்கு மூட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். குத்துகிற சத்தத்துக்கெல்லாம் யோகம்மா அக்காவின் உடம்பு ஒருமுறை துள்ளியது. ஒன்றும் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

லாரிச் சத்தம் ஓய்ந்தபின் யோகம்மா அக்கா எழுந்து முன்கதவுக்குப் போனார். குறுக்குக் கட்டையை எடுத்து வீசினார். வெறும் தெருவைப் பார்த்து, "கனகேஸ்வரி" என்றார். "கனகேஸ்வரி! உள்ள வா பிள்ளை!" தொண்டை கட்டுகிறவரை கூப்பிட்டார். யாரும் வரவில்லை. யாரும் வராததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. ஏனென்றால் அடுப்படியில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

பொழுது விடிந்ததும் கமால் வந்தார். கனகேஸ்வரி வேலை செய்த ஆபீசில் பியூன். வீடு கெலுகோர்க் கம்பத்தில், ஊருக்கு வெளியே ஒரு கிராமம்.

"ஒங்க பையன் எங்க வீட்ல இருக்கான்மா. காலைல கதவத் தெறக்கிறேன், வாசல்ல நிக்கிறான். சொட்டச் சொட்ட நனஞ்சிருக்கான். நேத்து மழையே இல்லியே! யாருடா கூட்டியாந்தான்னா, அக்கா முன்னால போனாங்க, நான் பின்னால வந்தேங்கிறான்."

நான்தான் கேட்டேன், அவன் வீடு உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று.

"அவன் சொன்னான். அன்னைக்கு மழையில அந்தக் கனகேஸ்வரியம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க. ஒரு பையன மறைச்சு வைக்க ஒங்க வீட்ல எடம் இருக்கா, எங்க சந்த மறுபடி சோதன போடப் போறாங்கன்னு. இருக்குன்னேன். குடையை எடுத்துக்கிட்டு ஓடுனாங்க." கமால் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஒங்ககிட்ட வந்து சொல்லலியா?"

ஜப்பான்காரன் போகிறவரை தம்பு கெலுகோரில்தான் இருந்தான். திரும்பி வந்தபோது வேறு பையனாக இருந்தான். பரணில் கிடந்து என் உயிரை வாங்கியவன், இப்போது எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தை. காதில் விழாவிட்டால் மறுபடி சொல்வதில்லை. சந்தில் அதற்குள் அவனுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

யோகம்மா அக்கா வீட்டை விட்டுவிட்டுப் பட்டர்வொர்த்தில் தங்கை வீட்டோடு போய்விட்டார். பொழுது சாய்ந்தபின் கதவைச் சாத்த விடுவதில்லையாம். இதுவரை ஓர் ஆடும் ஒரு பித்தளைக் குடமும் திருட்டுப் போயிருக்கின்றன. என் வீட்டுக்காரருக்குப் புதுத்துணி வந்து வியாபாரம் சூடுபிடித்ததும் நாங்கள் கெலுகோருக்கு மாறினோம். தம்பு தைப்பிங் ஊர்ப் பெண் செல்வநாயகியைக் கட்டிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டில் தோட்டத்துக் கிளார்க்காகப் போனான். புருஷன் பேசுவதே இல்லை என்று அவள் மூக்கைச் சிந்துவதாகக் கேள்வி. கேள்விப்பட்டபின் போய்ப் பார்க்காமல் இருக்க முடியுமா?

போனேன். கதவு சாத்தியிருந்தது. கூப்பிட நான் வாயெடுப்பதற்குள் தம்புவின் சின்னப் பெண் திறந்தது. நான் உள்ளே வந்து கதவைச் சாத்தக் கை வைத்தேன். பிள்ளை என் கையைத் தள்ளிவிட்டது. வெளியே பார்த்தது. பெரியவர்கள் முகம் இருக்கிற உயரத்தில் அண்ணாந்து பார்த்தது. பிறகு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டது. அதன் கண்கள் மெதுவாக நகர்ந்து, என்னைத் தாண்டி, கூடத்துக்குள் போயின. அப்புறம்தான் கதவைச் சாத்தியது.

"வாங்கக்கா" என்று செல்வநாயகி எனக்கு ஒரு நாற்காலியைப் போட்டாள்.

பிள்ளை, என் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டது.

தம்பு அதைப் பார்த்தான். யாராவது உட்கார்ந்தால் பிரம்பு முனகுமே, அப்படி அந்த நாற்காலி முனகியது.