அப்பா விளையாட்டு

மேசைக்கடியில் யுகேந்திரனுக்கு ஒரு வீடு இருந்தது. பழைய போர்வைதான் சுவர். உள்ளே ஓர் அலுமினியச் சட்டி, இரண்டு கொட்டாங்குச்சி, உடைந்த கரண்டி என்று குடித்தனம் நடத்தத் தேவையானதெல்லாம் இருந்தது. வெளியே மழை பெய்கிறது என்று யாரோ சொன்னார்கள். சொன்னதுதான் தாமதம், மழை கொட்டியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தொப்பலாக நனைந்து, உடம்பெல்லாம் சிலிர்க்க, அவன் கெக்கெக்கே என்று சிரித்தான்.

நெற்றியில் பட்டை அதிர்ந்து அடங்கியது. கண்ணைத் திறந்தால் சிங்காநல்லூர் அடுக்ககம், நான்காவது மாடி, சாய்வு நாற்காலி, தொப்பை, மோட்டார் பம்ப் கம்பெனியில் விற்பனை மேலாளர் என்ற பதவி. இறங்கி வருவதற்கே மனசில்லை.

அவன் மட்டுமல்ல. ஆறு வயதுக்குள் குழந்தை இருக்கிற வீடுகளில் எல்லாம் சாயங்காலம் இதே கதைதான். குழந்தையின் காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் ஒரு பதிபொட்டு. பெரியவர்கள் நெற்றியில் மீள்பட்டை. பகலில் குழந்தை என்ன விளையாடியதோ, அதைப் பார்த்தபடி, கேட்டபடி, முக்கியமாக அது உள்ளுக்குள் துள்ளியபடியே, மாலையில் பெரியவர்கள் வாழ்ந்துகொள்ளலாம். பெரியவர்களுக்குப் பொட்டு வைத்தால் ஒன்றும் தேறாது. கடன், கணக்கு, முதுகுவலி எல்லாம் சேர்ந்து வெறும் இரைச்சல்தான் பதிவாகும். விளையாடும் குழந்தையின் மனம்தான் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் நினைக்கும். அதனால் பதிவும் சுத்தமாக இருக்கும்.

காப்பகத்தில் விட்ட குழந்தை அழுகிறதா, யாராவது அடிக்கிறார்களா என்று கவலைப்படும் பெற்றோருக்காகத்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். முதல் வாரம் எல்லாரும் பொறுப்பாக அதைத்தான் தேடினார்கள். அதற்கடுத்த வாரமே பொறுப்பு போய் ருசி வந்துவிட்டது.

யுகேந்திரனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முதல் தடவை பட்டையைக் கட்டிக்கொண்ட அன்று அவன் விம்மி விம்மி அழுதான். அவன் பிறந்து வளர்ந்தது பஞ்சாலைக் குடியிருப்பில், வரிசை வீடுகளில். பக்கத்து வீட்டு வசந்தியும் அவனும் கட்டிலைக் கவிழ்த்து உக்கடம் போகிற பஸ் ஓட்டியிருக்கிறார்கள். குடத்து மூடிதான் ஸ்டீயரிங். அந்த பஸ் நிஜமாகவே ஓடியது என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது. கட்டில் நினைவிருந்தது, மூடி நினைவிருந்தது, ஜன்னல் வழியே அடித்த காற்று மட்டும் நினைவில் இல்லை. தன் மகள் சாம்பவியின் மேசை வீட்டுக்குள் போனபோதுதான் அந்தக் காற்று திரும்ப வந்தது. முப்பது வருஷம் கழித்து ஒரு மனுஷனுக்கு அது கிடைத்தால் அவன் எப்படி அதை விடுவான்?

ஆனால் அந்தக் காற்று வந்த வழியில் இன்னொன்று போய்விட்டது. பட்டை வருவதற்கு முன்னால் அவன் ஸ்கூட்டரில் மகளைக் கூட்டிவருவான். முன்னால் நின்றுகொண்டு வழிநெடுகப் புளுகிக்கொண்டே வருவாள். "இன்னிக்கு எங்க வீட்டுக்குப் புலி வந்துச்சுங்கப்பா. நான் தோசை குடுத்தேன். காரமா இருக்குன்னு அழுதுருச்சு." சிக்னலில் நிற்கிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இப்போது அவன் எதுவும் கேட்பதில்லை. எப்படியும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தானே போகிறோம்? அவளும் சொல்வதில்லை. அந்தப் பேச்சு எந்த நாளில் நின்றது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது.

சாம்பவி போனது சிந்தாமணி நடத்திய வீட்டுக் காப்பகத்துக்கு. தன் வீட்டுக் கூடத்தையே ஏழெட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்திருந்தாள் அவள். பாட்டு, பாடம், அட்டவணை ஒன்றும் கிடையாது. காலையில் மண், தண்ணீர், துணி, டப்பா என்று எதையாவது கூடத்தில் பரப்பிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து அவரைக்காய் நறுக்குவாள். சண்டை மண்டை உடையுமளவுக்குப் போனால்தான் எழுந்து வருவாள். குழந்தைகள் அவர்களாகவே ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். ஊரிலேயே அங்கிருந்து வருகிற பதிவுகளுக்குத்தான் துள்ளல் அதிகம் என்று பெற்றோர்களுக்குள் ஒரே பெருமை.

பெருமை பேராசையாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? பெற்றோர் குழுவில் ஒரு நாள் ஒருவர், மண் விளையாட்டு பார்த்து ரொம்ப நாளாகிறது என்று எழுதினார். இன்னொருவர் தனக்குக் காகிதக் கப்பல் வேண்டும் என்றார். யாருக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று யுகேந்திரன்தான் முன்வந்து வழி சொன்னான். நாளைக்கு என்ன விளையாட்டு என்று ராத்திரியே வாக்கெடுப்பு நடத்தி, முடிவைச் சிந்தாமணிக்கு அனுப்பிவிடலாம். எல்லாரும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள்.

இரண்டே மாதத்தில் பதிவுகள் சப்பென்று ஆகிவிட்டன. காகிதக் கப்பல் மிதந்தது, அவ்வளவுதான். அது எங்கேயும் போகவில்லை. பட்டையைத் துடைத்துப் பார்த்தான், புதிது வாங்கிப் பார்த்தான். கடைசியில் மூக்குக்கு மேல் கோபம் வர, சிந்தாமணியிடமே போய் நின்றான்.

"அக்கா, கொழந்தைங்கள நீங்க முன்ன மாதிரி கவனிக்கறதில்லைன்னு நெனைக்கறேன். பதிவுல ஒண்ணுமே இல்லீங்க்கா."

"பதிவ விடுங்க. பவியப் பாத்தீங்களா?" என்றாள் சிந்தாமணி.

கூடத்தின் நடுவே பச்சைத் தொட்டியில் தண்ணீர். நாலு பிள்ளைகள் கடனே என்று கப்பல் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாம்பவி சுவரோரம் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள்.

"மூணு நாளா இப்படித்தானுங்க இருக்கறா. வெளையாடு கண்ணுன்னா, 'இன்னிக்கு என்ன வெளையாட்டுங்கத்தை?'ன்னு எங்கிட்டக் கேக்கறா. காத்தால நான் கூப்புட்டு, இன்னிக்குக் கப்பல், எல்லாரும் வாங்கன்னு சொன்னா அதுக்குப் பேரு வெளையாட்டுங்களா? வேலைங்க. நீங்க ஆபீஸ்ல பாக்கறீங்களே, அதேதான்."

"நாங்க ஆசைப்பட்டுத்தானேங்க்கா கேட்டோம்."

"ஆசைப்பட வேண்டியது அவங்கல்லீங்களா? இந்த வயசுல வெளையாட்டு ஒருக்கா விட்டுப்போச்சுன்னா திரும்பப் புடிக்கறது ரொம்பக் கஷ்டமுங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஓட்டு கீட்டு எதுவும் வேண்டாம். அவங்க இஷ்டத்துக்கு உடுங்க. அப்பவும் இவ எந்திரிக்கலைன்னா ஆசுபத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகோணும்."

யுகேந்திரன் கலங்கிவிட்டான். மகளை நினைத்துக் கலங்கினானா, இனிமேல் பட்டையில் ஒன்றுமே வராதே என்று கலங்கினானா என்று கேட்டால் அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்திருக்காது. அன்றைக்கே குழுவில் கெஞ்சிக் கூத்தாடி மறுநாள் வாக்கெடுப்பை நிறுத்தினான்.

மறுநாள் அலுவலகத்தில் அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாயங்காலம் சிந்தாமணி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது சாம்பவி ஓடிவந்தாள். முகம் சிவந்து, தலை கலைந்து, கண்ணெல்லாம் வெளிச்சம்.

"எந்திரிச்சுட்டாளுங்க," என்றாள் சிந்தாமணி. மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று உள்ளே போய்விட்டாள்.

யுகேந்திரனுக்கு வாயெல்லாம் பல். வீடு வந்து சேர்ந்ததும் மகளுக்குப் பாலைக் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, பட்டையைக் கட்டிக்கொண்டான்.

சிந்தாமணி வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருந்தான். கால் தரைக்கு எட்டவில்லை. நெற்றியில் யாரோ ஒரு ரிப்பனைச் சுற்றிவிட்டார்கள்.

"நாந்தான் அப்பா. நீங்கெல்லாம் பாப்பா. நான் கண்ணத் தொறந்தா அவுட்டு," என்றது சாம்பவியின் குரல், அவன் தொண்டையிலிருந்தே.

கண்ணை மூடியதும் இருட்டு. இருட்டில் பிள்ளைகளின் குரல்கள் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தன.

"அப்பா, பசிக்குதுங்க!"

"அப்பா, நான் யானை வரைஞ்சேன், பாருங்க!"

"அப்பா, கால்ல ரத்தமுங்க!"

ஒரு பொடியன் தடாலென்று விழுந்து, "அப்பா, நான் செத்தே போயிட்டேன்," என்றான். எல்லாரும் கெக்கலித்தார்கள். அப்பா அசையவில்லை. உதட்டை மட்டும் இழுத்து, யாருக்கும் தெரியாத எதையோ பார்த்துச் சிரிப்பது போலச் சிரித்தார்.

துள்ளலா? இத்தனை மாதத்தில் இப்படியொரு துள்ளலை அவன் கண்டதில்லை. மேசை வீடும் மழையும் இதற்குக் கிட்டவே வர முடியாது. அவன் அங்கே கோபத்தைத் தேடினான், வருத்தத்தைத் தேடினான். துளி வருத்தம் இருந்திருந்தால் அதனிடம் மன்னிப்பாவது கேட்டிருப்பான். ஒன்றும் இல்லை. எவ்வளவு அச்சாக அப்பாவாக இருக்கிறேன் என்ற பூரிப்பு மட்டும்தான் அந்தச் சின்ன நெஞ்சு நிறைய இருந்தது. அவனால் தாங்க முடியவில்லை.

யாரோ சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்கள். விளையாட்டுக்குள்ளா, வெளியிலா என்று பிடிபடவில்லை.

"அப்பா."

கண்ணைத் திறந்தான். எதிரே உதட்டில் பால் மீசையோடு சாம்பவி நின்றிருந்தாள்.

"அவுட்டு! அப்பா அவுட்டு!" என்று குதித்துக் கைதட்டினாள். "எந்திரிங்க. இப்ப நானு."

அவன் எழுந்து அவள் முன்னால் குனிந்து நின்றான். அவன் நெற்றியிலிருந்து பட்டையை உருவித் தன் தலையில் கோணலாக மாட்டிக்கொண்டு, அந்தப் பெரிய நாற்காலியில் ஏறிச் சாய்ந்து கண்ணை மூடினாள் அவள்.

"பவி," என்றான் யுகேந்திரன். தரையில் மண்டியிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பவிக்குட்டி, கண்ணத் தொற சாமி. வா, அப்பாவும் நீயும் சேர்ந்து வெளையாடலாம்."

சாம்பவி கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு கையால் துழாவி அவன் தலையைத் தேடிப் பிடித்து, ஆதரவாகத் தடவிக் கொடுத்தாள்.

"இரு சாமி. அப்பாக்கு இன்னும் அஞ்சே நிமிசம்."