மூடிக்குக் கீழே எவ்வளவு இடம்?

எட்டாவது நிமிடம் கணினி மறுபடியும் அணைந்தது.

"பூட்ச்சு சார்," என்றான் கோகுல்ராஜ்.

"நீ வாயை மூடுடா," என்றார் மோகன் சார். அவருக்கும் அதே பயம்தான்.

ஜவ்வாது மலைமேல் இருந்த அந்தப் பள்ளிக்கு இருந்ததே ஒரு பெரிய கணினி. இரும்புச் சட்டத்தில் தட்டுத் தட்டாகச் செருகி வைக்கிற அகலமான பெட்டி. ஏதோ ஒரு கம்பெனி பழசு என்று கழித்துக் கொடுத்தது. அதிலிருந்துதான் எட்டுத் திரைகளுக்கும் பாடம் போகும். இப்போது அதன் உள்ளே இருக்கும் கூலர் பழுது. கூலர் சூட்டைத் தணிக்காவிட்டால், கணினியின் மூளையான ப்ராசஸர் கொதிக்கும். கொதித்தால் எல்லாம் அணைந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை ஓர் அதிகாரி வருகிறார். கணினி ஓடவில்லையென்றால், பழுது பார்த்து அடிவாரத்தில் உள்ள வேறொரு பள்ளிக்குக் கொடுக்க எடுத்துப் போய்விடுவாராம்.

இன்று வெள்ளி. சாருக்கு வீடு திருப்பத்தூரில். மூன்று மணி பஸ்ஸில் போனால் திங்கள் காலைதான் திரும்புவார். தப்பான கூலரை வாங்கி வந்தால் மாற்றுவதற்கு நாள் கிடையாது.

சார் ஸ்கேலைப் பெட்டியின் பக்கத்தில் நிறுத்தினார். "பதினேழே முக்கால் சென்டிமீட்டர். கடைக்காரர் சொன்ன உயரமான கூலர் பதினைந்தரை. தாராளமா நுழையும்."

"சார், நீங்க வெளியில அளந்தீங்க," என்றாள் இளவரசி. ஏழாம் வகுப்பு. ஒரு சந்தேகம் வந்துவிட்டால் லேசில் விடமாட்டாள். "கூலர் உள்ளதான ஒக்காரும்? ப்ராசஸர் மேலேந்துதான சார் அளக்கணும்?"

சார் ஸ்கேலைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "ஆமால்ல."

பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, இப்போது கடையில் கிடைக்காத ரகமான பழைய குட்டைக் கூலரைக் கழற்றினார். பெட்டியின் வாயில் குறுக்கே ஒரு ஸ்கேல் வைத்து, அங்கிருந்து ப்ராசஸர் வரை அளந்தார். பதினாறு.

"அரை சென்டிமீட்டர் மிச்சம். போதும்."

இளவரசி மூடியைத் திருப்பிப் பார்த்தாள். உட்பக்கம் குறுக்கே ஒரு தகட்டுப் பட்டை ஓடியது.

"இது ப்ராசஸருக்கு நேர் மேல வருமா சார்?"

சார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மூடினால் உள்ளே தெரியாது. திறந்தால் பட்டை அங்கே இல்லை.

"வராதும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"இன்னும் அரைமணி இருக்குதுங்க சார். வந்துடறேன்."

நேராகச் சத்துணவுக் கூடத்துக்கு ஓடினாள். சமையல்கார அம்சவல்லி தன் தூக்குப் பாத்திரத்தைத் திறந்து சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரு உருண்டை களி குடுங்க. கம்ப்யூட்டருக்கு."

"இன்னாது? கம்ப்யூட்டரு களி துன்னுமாடி?"

"துன்னாதுக்கா. சும்மா நசுக்கும்."

"என் சோத்துல கை வெச்சிட்டு நசுக்குமாம்ல," என்று முணுமுணுத்துக்கொண்டே பாதியைப் பிட்டுக் கொடுத்தார்.

இளவரசி கேழ்வரகுக் களியை ஈரம் சிந்தாதபடி பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். கரும்பலகை டஸ்டரைக் காகிதத்தில் பொதிந்து, ப்ராசஸர் மேல் செங்குத்தாக நிறுத்தினாள். அதன் தலையில் களி.

"டஸ்டருக்குத் தலப்பா கட்டிட்டா," என்று சிரித்தான் கோகுல்ராஜ்.

"சிரிக்காத. மூடிய அந்தப் பக்கம் புடி. நேரா எறக்கு."

மூடினார்கள். திறந்தார்கள். களியின் நடுவே பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. டஸ்டரின் அடியிலிருந்து அந்தத் தடம் வரை இளவரசி அளந்தாள். ஒருமுறைக்கு மூன்று முறை.

"பதிமூணே முக்கால் சார்."

பதினைந்தரை உயரக் கூலரை வைத்திருந்தால் மூடி முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

பள்ளிக்குப் பின்னால் இருந்த பாறைமேல் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். சார் செருப்பை விட்டுவிட்டு ஏறினார். கடைக்காரரின் குரல் கீழே நின்றவர்களுக்கும் கேட்டது.

"நான் எத்தனையோ பெட்டி பாத்தவன் சார்! அதெல்லாம் நொழையும்!"

"இந்தப் பெட்டிய அவர் பாக்கலியே சார்," என்றாள் இளவரசி.

சார் தொண்டையைச் செருமினார். "பன்னிரண்டரை உயரத்தில் இருக்கா? சரி, அதையே எடுத்து வைங்க."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடினார்.

திங்கட்கிழமை புதுக் கூலர் உட்கார்ந்தது. மூடி முட்டாமல் மூடியது. எல்லாரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்தார்கள்.

"ஏழு... எட்டு..." கோகுல்ராஜ் விரல் விட்டு எண்ணினான். "ஒம்பது! ஏய், ஒம்பது!"

மதிய மணி அடித்தபோதும் கணினி ஓடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, எட்டுத் திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு திரைகூட அணையவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தார்.

பெட்டியை ஏற்றிக்கொண்டு போக ஜீப்பின் பின்னால் விரித்து வைத்திருந்த சாக்கு, விரித்தது விரித்தபடியே மலையிறங்கியது.