மேடு ஏறாத பிக்கப்

சில்வண்டு என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. அவள் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மெக்கானிக் மாமாக்கள் வைத்த பெயர் அது. "இது என்ன? அது ஏன்? இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று.

பள்ளி விட்டதும் அவள் நேராக அம்மா வேலை செய்யும் இடத்துக்கு வந்துவிடுவாள். முன்பக்கம் பிக்கப் வண்டிகள் விற்கும் பெரிய ஷோரூம். பின்பக்கம் சர்வீஸ் சென்டர். அங்கே டீசல் வண்டிகளுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் அம்மாவின் வேலை.

சர்வீஸ் சென்டர் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். வேலை நடக்கும்போது அந்தக் கோட்டைத் தாண்டி வெளியாட்கள் உள்ளே போகக் கூடாது. சில்வண்டும் அதில் அடக்கம். அதனால் வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அதாவது, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணாடிச் சன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பாள்.

அன்று அந்த அறையில் அவளோடு இருந்தது செடிக்காரர் மட்டும்தான். அவர் செடி வளர்த்து விற்பவர். சட்டைப் பையில்கூட இரண்டு இலை ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் தடிமனாக எதையோ சுருட்டி வைத்திருந்தார்.

"மாமா, இங்கயே படுத்துத் தூங்கப் போறீங்களா?"

"ஏன் பாப்பா அப்படிக் கேக்கற?"

"பாய் கொண்டுவந்திருக்கீங்களே!"

அவர் சிரித்துவிட்டார். "இது பாய் இல்ல. வண்டியில கால் வைக்கிற இடத்துல போடற கால்மிதி. எங்க அக்கா கயிறு வச்சுப் பின்னிக் கொடுத்தது. என் கால்ல எப்பவும் சேறு இருக்கும் பாரு, அதுக்குத்தான்."

"அப்ப வண்டியிலயே விட்டுட்டு வரலாமே?"

"ஐயோ! இங்க கிரீஸும் ஆயிலுமா இருக்கற ஷூவோட வண்டியில ஏறுவாங்க. இதுல ஒரு கறை பட்டுதுன்னு வை, எங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. அதனால வாசல்லயே எடுத்துடுவேன்."

சில்வண்டு கால்மிதியைத் தொட்டுப் பார்த்தாள். கையை அழுத்தினால் உள்ளே புதையும் அளவுக்குக் கனம். அழகாகத்தான் இருந்தது.

"உங்க வண்டிக்கு என்ன மாமா?"

செடிக்காரரின் முகம் வாடிவிட்டது. "அதுதான் யாருக்கும் தெரியல. சமதரையில நல்லா ஓடுது. செடி ஏத்திக்கிட்டு மலைமேல இருக்கற பள்ளிக்கூடத்துக்குப் போனா மட்டும் பாதி மேட்டுலயே திணறுது. எவ்வளவு மிதிச்சாலும் வேகம் வரல. மூணாவது தடவையா வந்திருக்கேன். உங்க அம்மாவும் பாவம், பார்க்காத இடமில்ல."

அது உண்மைதான். சில்வண்டுக்கு அந்த வெள்ளைப் பிக்கப்பை நன்றாகத் தெரியும். வீட்டில் அம்மா சாப்பிடும்போதும் அதே யோசனை, பல் தேய்க்கும்போதும் அதே யோசனை. முதல் தடவை டீசல் ஃபில்டரை மாற்றினார். அடுத்த தடவை இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் குழாய்களில் எங்கேயாவது காற்று கசிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால், வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு கோளாறும் இல்லை என்று சொன்னது. பின்னால் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஓட்டிப் பார்த்தால், வண்டி சமத்துப் பிள்ளையாக ஏறியது. ஒருமுறை செடிக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனார். அப்போதும் விறுவிறுவென்று ஏறியது. செடிக்காரர்தான் திருதிருவென்று விழித்தார்.

இன்றும் அதே கதைதான். அம்மா மேட்டில் ஓட்டிவிட்டு வந்து வண்டியை நிறுத்தினார். இறங்கியவர் உதட்டைப் பிதுக்கிய விதத்திலேயே சில்வண்டுக்குப் புரிந்துவிட்டது.

மேனேஜர் அங்கே வந்தார். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. கதவு திறந்திருந்ததால் அவர் பேசியது அறைக்குள் கேட்டது.

"இன்னிக்கும் ஒண்ணும் கிடைக்கலையா?"

"கிடைக்கல சார். எல்லாமே சரியா இருக்கு. ஆனா அண்ணன் பொய் சொல்ற ஆளும் இல்ல."

"அப்ப நாளைக்கு வண்டி பெரிய வொர்க்‌ஷாப்புக்குப் போகட்டும். இன்ஜினை இறக்கிப் பார்க்கட்டும். இனிமே டீசல் வண்டி எதுவா இருந்தாலும் அங்கயே அனுப்பிடலாம். நீங்க பழையபடி ஆயில் மாத்தற பக்கம் போயிடுங்க."

அம்மா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். சுத்தமாகிவிட்ட கையை மறுபடியும் மறுபடியும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சில்வண்டு நோட்டை மூடி வைத்தாள். டீசல் வேலை படிப்பதற்காக அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று அவளுக்குத் தெரியும். தேர்வுக்குப் படிக்கும்போது அம்மாவிடம் கேள்வி கேட்டு, பதில் சரியா என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னவளே அவள்தான். அம்மாவுக்கு அந்த வேலை என்றால் உயிர். இப்போது ஒரு வண்டியால் எல்லாம் போய்விடுமோ?

செடிக்காரர் எழுந்தார். அவருக்கும் சங்கடமாக இருந்தது. "என்னால உங்க அம்மாவுக்குப் பேச்சு. வர்றேன் பாப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கால்மிதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

வெள்ளைப் பிக்கப்பை மஞ்சள் கோட்டுக்கு வெளியே வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அம்மா மறக்காமல் பிளாஸ்டிக் சீட் கவரையும் தரையில் விரித்த காகிதத்தையும் எடுத்திருந்தார். செடிக்காரர் கதவைத் திறந்து குனிந்தார். பாதி குனிந்ததும் "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். காலையிலிருந்து செடித்தொட்டி தூக்கிய இடுப்பு.

சில்வண்டு ஓடினாள். "நீங்க நில்லுங்க மாமா. நான் போட்டுவிடறேன்."

"நல்லா இருப்ப கண்ணு. ஓரமெல்லாம் மடங்காம விரிச்சுவிடு."

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். ஏற்கெனவே ஒரு ரப்பர் மேட் இருந்தது. அதன்மேல் கால்மிதியை விரித்தாள். மூலைகளை நீவிவிட்டாள். பெடல்களுக்குக் கீழே கையை விட்டு இழுத்து, சுருக்கம் இல்லாமல் சரிசெய்தாள். வேலை முடிந்தது. எழுந்திருக்க வேண்டியதுதான்.

ஆனால் கண்ணுக்கு முன்னால் ஆக்சிலேட்டர் பெடல். இன்ஜின் ஓடவில்லை. யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

பெடல் கொஞ்ச தூரம் போனது. பிறகு கயிற்றில் போய் மெத்தென்று முட்டி நின்றது.

சில்வண்டு கையை எடுத்தாள். கால்மிதியைச் சுருட்டி ஒதுக்கினாள். மறுபடி அழுத்தினாள். பெடல் இன்னும் கீழே, இன்னும் கீழே போய், டக் என்று நின்றது.

கால்மிதியை விரித்தாள். மெத். எடுத்தாள். டக். விரித்தாள். மெத்.

"என்ன பாப்பா, உள்ள பாம்பு கீம்பு இருக்கா?" என்றார் செடிக்காரர்.

"மாமா, நீங்க மேட்டுல எப்படி மிதிப்பீங்க?"

"எப்படின்னா? முட்டற வரைக்கும் மிதிப்பேன். அதுக்கு மேல மிதிக்க முடியாதே!"

"கிளம்பிடாதீங்க! ஒரு நிமிஷம்!"

மஞ்சள் கோட்டுக்கு முன்னால் போய், சடன் பிரேக் போட்டதுபோல் நின்றாள். அங்கிருந்தே கத்தினாள். "அம்மா! ஸ்கேனரை எடுத்துக்கிட்டு வாங்க! சீக்கிரம்!"

"என்னடி, வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?"

"அம்மா, ப்ளீஸ்! வெள்ளை வண்டிம்மா!"

அவள் முகத்தைப் பார்த்த அம்மா வேறு கேள்வி கேட்கவில்லை. வந்தார். ஸ்கேனரை மாட்டினார். சில்வண்டு சொன்னபடி, விரித்த கால்மிதியின் மேல் காலை வைத்துப் பெடலை மிதித்தார். பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்பதைக் காட்டும் பச்சைக் கோடு திரையில் ஏறியது. பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிட்டது.

"இப்ப இதை எடுத்துட்டு மிதிங்கம்மா."

கோடு விர்ரென்று உச்சிக்குப் போனது.

அம்மா திரையைப் பார்த்தார். கால்மிதியைப் பார்த்தார். செடிக்காரரைப் பார்த்தார். "அண்ணே, இதை எப்பலேருந்து போட்டிருக்கீங்க?"

"அக்கா போன மாசம்தான் கொடுத்தாங்க."

"திணறல் எப்பலேருந்து?"

"அதுவும் போன..." செடிக்காரர் பாதியில் நிறுத்தினார். அவர் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் நீங்க இதை வாசல்லயே எடுத்துடறீங்க. நாங்க காகிதம் விரிச்சு ஓட்டிப் பார்க்கறோம். கோளாறு உங்ககூட அந்த ரூம்ல ஜம்முனு உக்காந்திருந்திருக்கு. நான் இங்க இன்ஜினைக் குடைஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

ஆனாலும் நேரில் பார்க்காமல் அம்மா எதையும் நம்ப மாட்டார். மணல் மூட்டைகள் இன்னும் பின்னால்தான் இருந்தன. கால்மிதியை விரித்து, செடிக்காரரையே ஓட்டச் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். சில்வண்டு பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டாள்.

தண்ணீர்த்தொட்டி மேட்டில் பாதி ஏறியதும் வண்டி முனகியது. வேகம் குறைந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கூட அவர்களை முந்திக்கொண்டு போனார்.

"திணறுது! திணறுது!" என்று அம்மா கைதட்டினார்.

வண்டி திணறுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மெக்கானிக்கை அந்த மேடு அதற்கு முன் பார்த்திருக்காது.

கீழே வந்து கால்மிதியை எடுத்துவிட்டு மறுபடி ஏறினார்கள். இந்தத் தடவை வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. அதே சைக்கிள்காரரை உச்சியில் போய்ப் பிடித்தது. செடிக்காரர் ஹாரன் அடித்துக் கையாட்டினார். சைக்கிள்காரருக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் அவரும் கையாட்டினார்.

அம்மா சீட்டில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டார். இத்தனை நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை இறக்கி வைத்துவிட்டதுபோல் இருந்தது அவர் முகம். கையைப் பின்னால் நீட்டினார். சில்வண்டு அதைப் பிடித்துக்கொண்டாள். லேசாக கிரீஸ் ஒட்டியது. அவள் விடவில்லை.

உச்சியில் வண்டியை நிறுத்திய செடிக்காரர் மட்டும் திடீரென்று சோகமாகிவிட்டார்.

"என்னண்ணே, இன்னும் ஏதாவது சத்தம் கேக்குதா?" என்றார் அம்மா.

"சத்தம் இனிமேதான் கேக்கும் தங்கச்சி. அக்கா ராத்திரியும் பகலுமா உக்காந்து பின்னினாங்க. இதைப் போடக் கூடாதுன்னு எந்த வாயால சொல்லுவேன்? மனசு உடைஞ்சுடுவாங்க. அதுக்கு முன்னாடி என் மண்டையை உடைச்சுடுவாங்க."

சில்வண்டு யோசித்தாள். "மாமா, அவங்க வண்டியில எங்க உக்காருவாங்க?"

"உங்க அம்மா உக்காந்திருக்கற இடத்துலதான்."

"அந்தப் பக்கம் பெடலே இல்லையே! இதை அங்க போட்டுடுங்க. 'இவ்வளவு அழகா இருக்கு, இது உன் காலுக்குக் கீழ இருந்தாதான் பொருத்தம்'னு சொல்லுங்க."

செடிக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணை மட்டும் மெக்கானிக் ஆக்கிடாதீங்க தங்கச்சி. பெரிய பெரிய சண்டையைத் தீர்த்து வைக்க அனுப்புங்க."

திரும்பி வந்ததும் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவர் நம்பவில்லை. தானே ஏறி மிதித்துப் பார்த்தார். மெத். டக். இறங்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லவேளை, வண்டியைப் பெரிய வொர்க்‌ஷாப்புக்கு அனுப்பல. ஒரு கால்மிதிக்காக இன்ஜினை இறக்கினோம்னு ஊரே சிரிச்சிருக்கும்" என்றவர், மேசையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "நாளைக்கு வர்ற டீசல் வண்டி. நீங்கதான் பார்க்கணும். ஆயில் மாத்த வேற ஆள் இருக்காங்க."

அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். துணியைத் தேடவில்லை.

மறுநாள் சில்வண்டு வந்தபோது காத்திருக்கும் அறையில் பனைமரம்போல் உயரமான ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய பிக்கப்பில் அம்மா ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வண்டிக்கு என்ன மாமா?"

"பள்ளத்துல விட்டா என் தலை கூரையில இடிக்குதும்மா. ஸ்பிரிங் போச்சுன்னு நினைக்கறேன். உங்க ஆளுங்க ஒண்ணுமே இல்லைங்கறாங்க."

சில்வண்டு அவர் மடியைப் பார்த்தாள். சன்னலுக்கு ஓடினாள்.

"அம்மா! இவர் மடியில ஒரு தலையணை இருக்கு! சீட்டுல போட்டு உக்கார்ற தலையணை!"

அம்மா டூல்பாக்ஸைத் திறக்கவே இல்லை.