மாடிப்படிக்கடியில் அப்பாவின் ஷூ

டாக்டர் கம்ப்யூட்டருக்குள் வரப்போகிறார் என்றதும் சேது கேட்ட முதல் கேள்வி, "ஊசியும் அதுக்குள்ள வருமா?" என்பதுதான்.

"ஊசியெல்லாம் கிடையாதுடா. இவங்க பேசுற டாக்டர்," என்றாள் அக்கா ஜான்சி. "சென்னையில உட்கார்ந்து கேப்பாங்க. நீ இங்க புனேல உட்கார்ந்து பதில் சொல்லணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாளே தவிர, ஜான்சிக்கே அதில் நம்பிக்கை இல்லை. இந்தப் பயல் வாயைத் திறப்பானா?

அப்பா ஜெகதீசன் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மழைக்காலத்தில் ஒரு நாள் வேலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்று சேதுவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளை எதையும் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்களுக்கு நினைப்பு.

அதற்குப் பிறகு சேது ஒரு முறைகூட அழவில்லை. அப்பா எங்கே என்று கேட்கவும் இல்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிப்போய்க் கடைசிப் படியில் உட்கார்ந்துவிடுவான். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேதான் கொண்டுபோக வேண்டும். தூக்கி வந்தால் கையைக் கடிப்பான். அப்பாவின் கறுப்பு ஷூவையும் எடுத்துக்கொண்டுபோய் மாடிப்படிக்கடியில் வைத்திருந்தான். யாரும் அதைத் தொடக்கூடாது.

"மனநல டாக்டர்கிட்ட காட்டுங்க," என்று பள்ளியில் சொன்னார்கள். அவர்கள் குடியிருந்த தாபோடிப் பகுதியில் மராத்தி பேசுகிற டாக்டர் உண்டு, இந்தி பேசுகிற டாக்டர் உண்டு. அம்மா கனகவல்லிதான் ஒப்புக்கொள்ளவில்லை.

"இந்தியில காய்கறி வாங்குவேன். என் துக்கத்தைச் சொல்ல எனக்குத் தமிழ்தான் வரும்," என்றாள்.

பக்கத்து வீட்டு ஸ்ரீவத்சன் அண்ணா கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர். அவர்தான் சென்னையில் இருக்கும் டாக்டர் கிருஷ்ணப்ரியாவைத் தேடிப் பிடித்தார். நாளை ஞாயிற்றுக்கிழமை தன் லேப்டாப்பைக் கொண்டுவருவதாகவும் சொல்லியிருந்தார். "முகம் பார்த்துப் பேசறது பையனுக்குப் புதுசா இருக்கும். முன்னாடியே சொல்லிப் பழக்குங்க," என்று டாக்டர் போனில் சொன்னார். பழக்குகிற வேலை ஜான்சி தலையில் விழுந்தது.

அவள் ஒரு அட்டைப்பெட்டியில் ஜன்னல் வெட்டினாள். அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெட்டிக்குள் தலையை விட்டாள்.

"வணக்கம். நான்தான் டாக்டர் பேசறேன்."

சேது குனிந்து பார்த்தான். "டாக்டர், உங்க மூக்குல இங்க் ஒட்டியிருக்கு."

"அது கெடக்குது. உங்க பேரு என்ன?"

"சேது."

"சாயங்காலம் ஆனா எங்க போறீங்க?"

"காலி."

"காலிக்கு எதுக்குப் போறீங்க?"

"அப்பா காலி தானே? பெரிய மாமா போன்ல சொன்னாரே."

பெட்டிக்குள் இருந்த தலை அப்படியே நின்றுவிட்டது.

புனேத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் மாடியைப் பார்த்து, "காலி யே!" என்று கத்துவார்கள். மராத்தியில் அதற்குக் 'கீழே வா' என்று அர்த்தம். சேதுவுக்குக் கீழே என்ற சொல்லைவிடக் காலிதான் முதலில் வாயில் வந்தது. பெரிய மாமாவோ மதுரைக்காரர், வாய் கொஞ்சம் முரடு. சாவுக்கு வந்திருந்தவர் பக்கத்து வீட்டு வாசலில் நின்று போனில் யாரிடமோ, "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள ஆளு காலி," என்று அழுதுகொண்டே சொன்னார். அவர் சொன்னது தமிழ்க் காலி. சேது கேட்டது தெருக் காலி.

ஜான்சி பெட்டியை மெல்லக் கழற்றினாள். "அப்பா காலி இருந்தா ஏன்டா மேல வரல?"

"படி ஏறினா அவருக்கு மூச்சு வாங்குமே. ஷூவை மட்டும் யாரோ மேல கொண்டாந்து குடுத்துட்டாங்க. வெறுங்கால்ல எப்படி ஏறுவாரு? அதான் காலி வச்சேன்."

ஜான்சி குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இத்தனை நாளும் அவன் அங்கே காத்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்திருக்கிறான்! நினைக்க நினைக்கத் தாங்கவில்லை.

முகம் கழுவும்போதுதான் இன்னொன்று உறைத்தது. நாளைக்கும் அவன், "அப்பா காலி" என்றுதான் சொல்வான். சென்னை டாக்டர், பாவம், பையனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். அப்புறம் யார் வந்து இவனுக்குச் சொல்வது?

அவள் நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"என் தங்கமே... நான் சொல்லிடறேன்டி. அப்பா மேல சாமிகிட்ட போயிட்டாருன்னு சொல்லிடறேன்."

"ஐயோ, மேலன்னு சொல்லாதம்மா! நாளைக்கே தட்டைத் தூக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜான்சி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை ஸ்ரீவத்சன் அண்ணா லேப்டாப்பை மேசையில் வைத்து, இணைப்புக் கொடுத்துவிட்டு வெளியே போனார். டாக்டர் கிருஷ்ணப்ரியாவின் முகம் கட்டம் கட்டமாக வந்து, பிறகு தெளிந்தது. சேதுவை உள்ளறையில் விட்டுவிட்டு ஜான்சிதான் முதலில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், எங்க ஊர்ல காலின்னா கீழன்னு அர்த்தம்," என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள்.

டாக்டர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

"நல்ல வேளைம்மா," என்றார் அவர். "நீ சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தம்பியைக் கூட்டிட்டு வா. அம்மாவும் வரட்டும். நேரான வார்த்தையில சொல்லுவோம். நான் கூடவே இருக்கேன்."

சேது அம்மா மடியில் உட்கார்ந்தான். "சேது... அப்பா..." என்றாள் அம்மா. அவனை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"அப்பா காலிதான்," என்று அவன் எழுந்திருக்கப் பார்த்தான்.

ஜான்சி அவன் கையைப் பிடித்தாள். "மாமா சொன்னது நம்ம தெருக் காலி இல்லடா. அப்பா கீழ இல்ல. எங்கயும் இல்ல. அப்பா இறந்துட்டாரு. இனிமே வர மாட்டாரு."

சேது திரையைப் பார்த்தான். "நிஜமாவா?"

"நிஜம்தான் கண்ணா," என்றார் டாக்டர்.

"அப்பா!" என்று அலறி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மூவரும் சேர்ந்து அழுதார்கள். டாக்டர் திரையில் அங்கேயே காத்திருந்தார்.

சாயங்காலம் சேது எழுந்து வாசலுக்குப் போனான். அம்மா பதறி எழுந்தாள். "நான் பார்த்துக்கறேன்," என்று ஜான்சி அவன் பின்னாலேயே இறங்கினாள்.

மாடிப்படிக்கடியில் குனிந்து அவன் ஷூவை எடுத்தான். ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை அக்காவிடம் நீட்டினான்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றான். "இங்கதான்கா அப்பாவுக்கு மூச்சு வாங்கும்."

இருவரும் அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்கள். பிறகு, ஆளுக்கொரு ஷூவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஏறினார்கள்.