எமன் விட்ட இன்னொரு துளி

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் எமன். முகத்தைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்... ஆனால் வேலை அதுதான். முட்டி அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த குருத்தெலும்பிலிருந்து செல்களைப் பிரித்து, ஊட்டி வளர்த்து, கடைசியில் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கொல்வாள். அந்த விஷத்தை முறிக்க எந்தச் செல் உள்ளே என்ன வைத்திருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

அன்று மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவள், செல்களை உடல்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டரின் கதவைத் திறந்துபோட்டு நின்றவனைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள். யாரைக் கேட்டுத் திறந்தான், செல்லெல்லாம் குளிரில் விறைத்துப்போனால் அவனா பதில் சொல்வான்? அவன் மெக்கானிக். சூடு ஏறி இறங்குகிறதென்று ஆபீஸில்தான் கூப்பிட்டிருந்தார்கள். அதைக்கூடச் சொல்லாமல் ஒரு குடுவையின் மேலிருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். மழை காயாத இமைகள்... அந்தக் கண்களைப் பார்த்ததும் அவள் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"இது எங்கம்மாங்க," என்றான்.

முட்டி ஆபரேஷனின்போது மனமுவந்து கொடுத்த துண்டாம். ஆஸ்பத்திரியில் சொன்ன எண்ணைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாளாம்... நான்தான் படிக்கவில்லை, என் முட்டியாவது காலேஜுக்குப் போகட்டும் என்று. போன மழைக்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டாள். வீட்டில் இப்போது அவன் மட்டும்தான்.

சொல்லிவிட்டு, உள்பக்கத்துக் கண்ணாடிக் கதவில் மெல்ல உள்ளங்கையை வைத்தான். "அம்மா கை சூடு அப்படியே இருக்குங்க..."

அடுத்த சோதனையில்தான் அது ஆரம்பித்தது. மைக்ரோஸ்கோப் அறை பகலிலும் கும்மிருட்டு. சாயம் விட்டால் செத்த செல் சிவப்பாகவும் உயிருள்ளது பச்சையாகவும் ஒளிரும். தட்டில் குழிக்குக் குழி சிவப்பு... அந்த எண்ணுக்குரிய குழி மட்டும் பச்சைப்பசேலென்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. விஷத்தை மாற்றினாள். மறுபடியும் பச்சை. கூட வேலை செய்கிறவள் அந்த அறைக்குள் தனியாகப் போக மறுத்துவிட்டாள். பேராசிரியருக்கோ தலைகால் புரியவில்லை. அபூர்வமான தற்காப்பு, உன் பெயர் எங்கேயோ போகப்போகிறது என்றார். அவளுக்கும் கால் தரையில் பாவவில்லை.

நன்றாக ஓடும் இன்குபேட்டரைப் 'பார்க்க' அவன் அடிக்கடி வந்தான். அவள் பட்டப்பெயரும் அதற்குள் அவன் காதில் விழுந்திருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும் கண் கலங்கச் சிரித்தான்.

"எங்கம்மா அப்படித்தாங்க. லேசுல விட்டுக்கொடுக்க மாட்டாங்க. எமனே அசந்துட்டாரா?"

"எமனுக்கே ராத்திரி தூக்கம் வரலைங்க..."

அதற்குக் காரணம் செல் மட்டும்தானா என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

பிறகொரு மத்தியானம், மழை இருட்டிக்கொண்டு வந்தபோது, புதிய தட்டில் செல்களை விட்டுக்கொண்டிருந்தாள். எல்லாக் குழிக்கும் ஒரே அளவு. அந்த எண் வந்தது. விட்டாள். அடுத்த குழிக்குப் போகவேண்டிய கை போகவில்லை... கட்டைவிரல் தானாகத் துளி விடும் பிப்பெட்டை அழுத்தியது. அதே குழியில் இன்னொரு துளி.

அவள் உறைந்துபோய்த் தன் கையைப் பார்த்தாள். அது யாருடைய கையோ போலிருந்தது.

இத்தனை நாளும் இதே கதைதானா? அப்படியானால் பேயுமில்லை, அபூர்வமுமில்லை. கூட ஒரு துளி விட்டால் குழியில் செல் கூடும்; நெருக்கமாக இருந்தால் எல்லாமாகச் சேர்ந்து விஷத்தை முறித்துவிடும். அவள் துறையில் கால் வைத்தவர்கள் முதலில் படிக்கிற பாடம். சொன்னால் பெயர் போகும்... அதைவிட, அம்மா இன்னும் தோற்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பவன் முகத்தில் எப்படி விழிப்பது? அவனும் வராமல் போய்விடுவான்.

ஆனாலும் சொன்னாள். பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு அவனிடமும் சொன்னாள். அவன் சரியான அளவில் ஒருமுறை செய்யும்போது தானும் இருக்கலாமா என்று மட்டும் கேட்டான்.

இருட்டறையில் இருவரும் குனிந்து பார்த்தார்கள். அந்தக் குழியும் சிவப்பு... ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை.

"போய்ட்டு வாம்மா," என்றான் மெதுவாக. பிறகு அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான். "ஏங்க கூட ஒரு துளி விட்டீங்க?"

"தெரிஞ்சு விடலைங்க... தனியா சாக விட மனசு வரல போல. அவங்களுக்காக மட்டுமில்ல... உங்களையும் தனியா விட மனசு வரல."



"இன்குபேட்டர் அன்னைக்கே சரியாயிடுச்சுங்க," என்றான். "நான்தான் சரியாகல. அம்மாவப் பாக்க வர்றேன்னு நெனச்சேன்... உங்களத்தான் பாக்க வந்திருக்கேன்."

அவளுடைய அந்தக் கை இந்த முறையும் அவளைக் கேட்கவில்லை... இருட்டுக்குள் தானாகவே நீண்டு அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டது.