இரண்டு பேருக்குக் காற்று

ட்ரிங்... ட்ரிங்...!

சனிக்கிழமை மதியம். வங்கி மேனேஜரின் பிரிவுபசாரக் கூட்டம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். போரில் பதக்கம், வங்கியில் இருபது வருஷம்... ஒருவர் விடாமல் அவரைக் 'கேப்டன்' என்றே புகழ்ந்தார்கள்.

வங்கி ஹாலில் அவருக்காகக் காத்திருந்த மகள் ரிசீவரை எடுத்தாள்.

"நான்தாம்மா. ஸ்ட்ராங் ரூமுக்குள்ள மாட்டிக்கிட்டேன். கேஷியரும் கூட இருக்கார்."

"எப்படிப்பா?!"

"உள்ள போனதும் கதவை இழுத்துச் சாத்துறது பட்டாளத்துப் பழக்கம். டைம் லாக்கை அதுக்கு முன்னாடியே திருகி வச்சிட்டேன். திங்கட்கிழமைதான் திறக்கும்."

பக்கத்தில் நின்ற கணவன் ஸ்பீக்கரை அழுத்தினான். அவன் போலீஸ் இன்ஸ்பெக்டர்.

"பதறாதீங்க மாமா. மெக்கானிக்கைக் கூப்பிடுறேன். துளை போட ஆறு மணி நேரம் ஆகும்."

"காத்து தாங்காது மாப்ளே... ஒருத்தருக்குன்னா தாங்கும்."

கணவன் இன்னொரு போனில் மெக்கானிக்கை அழைத்தான். ஸ்பீக்கரில் மறுபடி கேப்டன் குரல்.

"ஒண்ணு சொல்லணும். சண்டையில நாங்க பதுங்கியிருந்த பங்கர் குழி இடிஞ்சு மூடிக்கிச்சு. நானும் ஒரு சிப்பாயும். சாயங்காலம் தோண்டினப்போ நான் மட்டும்தான் உயிரோட இருந்தேன். இடிபாட்டுல செத்தான்னு ரிப்போர்ட் எழுதினேன்..."

"அப்பா..."

"பொய்ம்மா. தூங்கினவன் மூக்கையும் வாயையும் பொத்தினேன். காத்துக்காக."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"கேஷியர் அண்ணன் என்ன பண்றார்ப்பா?"

"தூங்குறார்..."

"அப்பா! வேண்டாம்ப்பா!"

லைன் கட்!

மறுபடி அழைத்தால்... எங்கேஜ்டு.

மெக்கானிக் வந்தார்.

"காத்தா? ரெண்டு நாளைக்குத் தாங்கும்மா. யாரு உங்களைப் பயமுறுத்துனது?"

அது உள்ளே இருப்பவருக்குத் தெரியாதே!

மகள் இரும்புக் கதவை அறைந்தாள். கத்தினாள். ஒரு முழக் கனத்துக்கு இரும்பு... சத்தம் எதுவும் உள்ளே போகவில்லை.

ஆறு மணி நேரம் ட்ரில் அலறியது.

கதவு திறந்தது.

கேஷியர் தரையில் குப்புறக் கிடந்தார். அசைவில்லை!

சுவரோரம் கேப்டன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

கொர்ர்ர்...!

கேஷியர் புரண்டு படுத்தார்.

"காத்து எப்படிம்மா பத்துச்சு?" கேப்டன் மகளைக் கேட்டார்.

"ரெண்டு பேருக்குத் தாராளமாம்ப்பா..."

கேப்டன் அறையைக் கண்ணாலேயே அளந்தார்.

"பங்கர் இதைவிடப் பெருசும்மா."

இன்ஸ்பெக்டர் தலை குனிந்தான். கேப்டனே இரண்டு மணிக்கட்டையும் அவனிடம் நீட்டினார்.

"கூச்சப்படாதீங்க மாப்ளே... ரிட்டயரான அன்னிக்கே புதுப் போஸ்டிங் யாருக்குக் கிடைக்கும்!"